தோற்ற கையோடு சீட்டை மாற்றலாமா?

சீட்டாட்டம் என்றால் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டும் என்பதுதான் நமக்குப் பழக்கம். ரம்மியில் எல்லோரும் எல்லோருக்கும் எதிரி. யாழ்ப்பாணத்தார் விடிய விடிய ஆடும் 304-இல் எதிரே உட்கார்ந்திருப்பவர் கூட்டாளிதான் என்றாலும், இடமும் வலமும் எதிரணி உண்டு. அண்மைக் காலத்தில் உலகெங்கும் ரசிகர்களைச் சேர்த்திருக்கும் கூட்டுச் சீட்டாட்டங்களில் அந்த எதிரணியே கிடையாது. மேசையைச் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் ஒரே பக்கம். அவர்களை எதிர்த்து நிற்பது ஆட்டத்தின் விதிகள் மட்டுமே. வென்றால் எல்லோரும் வெல்வார்கள், தோற்றால் எல்லோரும் தோற்பார்கள். 2016-இல் ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஆர்க்கம் ஹாரர்’ சீட்டாட்டம் இந்த வகையில் பேர் பெற்றது. நேட் ஃபிரெஞ்ச், மேத்யூ நியூமன் என்ற இருவரின் வடிவமைப்பு. லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளரின் திகில் கதைகளில் வரும் ஆர்க்கம் என்ற கற்பனை ஊரில் துப்பறிவாளர்களாக அலைவதுதான் ஆட்டம். ஒவ்வொருவரும் தன் பாத்திரத்துக்கு ஏற்ப, பெரும்பாலும் 30 சீட்டுகளைத் தானே பொறுக்கி ஒரு கட்டு தயாரித்துக்கொண்டு வருவார். ஒரு கதைத் தொடர் பெரும்பாலும் எட்டு அத்தியாயங்கள் ஓடும். ஓர் அத்தியாயத்தில் நடந்தது அடுத்ததைப் பாதிக்கும்.

இந்த ஆட்டங்களை ஆடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் ஊறிக் கிடக்கிறது. தோற்ற அன்றைக்கே கட்டைப் பிரித்துப் போடுவார்கள். “இந்த உத்தி சரிவராது, அடுத்த வாரம் வேறு மாதிரி வருகிறேன்” என்று யாராவது ஒருவர் அறிவிப்பார், மற்றவர்களும் தலையாட்டுவார்கள். வென்ற அன்றைக்கோ கட்டை யாரும் தொடுவதில்லை. இயல்பாகத் தோன்றும் இந்த வழக்கம் இரண்டு வகையில் தவறு என்பது என் வாதம். புதிய உத்தியை எப்போது சோதிப்பது என்பதைக் கடைசி ஆட்டத்தின் முடிவு தீர்மானிக்கக் கூடாது. தோல்வியின் காரணம் தீர்மானிக்க வேண்டும். அதோடு, கூட்டாட்டத்தில் அந்த முடிவு கட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவரின் தனியுரிமையும் அல்ல.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். உங்கள் உத்தி முழுவதும் ஒரு முக்கியச் சீட்டை நம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கம் ஹாரரில் ஒரே பெயருள்ள சீட்டு இரண்டுக்கு மேல் வைக்க முடியாது. முதல் கையில் ஐந்து சீட்டு எடுக்கும்போது அந்த இரண்டில் ஒன்றாவது வந்து சேர வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம். முதல் கையில் பிடிக்காதவற்றை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. ஐந்தையுமே மாற்றினாலும் வாய்ப்பு 55 சதவீதத்தைத்தான் தொடும். அதாவது அருமையாக யோசித்துத் தயாரித்த கட்டுகூட, பாதிக்குச் சற்றுக் குறைவான ஆட்டங்களில் தன் உயிர்நாடிச் சீட்டு இல்லாமலேயே தொடங்கும். அதற்கு மேல் ஒரு பை இருக்கிறது. ஒவ்வொரு திறன் சோதனைக்கும் அதிலிருந்து ஒரு வில்லையை உருவ வேண்டும். முதல் பெட்டியில் வரும் தொடரின் சாதாரணக் கடினநிலையில் பையில் 16 வில்லைகள். தேவைக்கு மேல் இரண்டு புள்ளி உபரி வைத்துக்கொண்டு பைக்குள் கையை விட்டாலும், குறைந்தது மூன்று வில்லைகள் உங்களைக் கவிழ்த்துவிடும். அவற்றில் ஒன்று, எவ்வளவு திறன் இருந்தாலும் தோல்விதான் என்று விதித்த கொடுக்கு வில்லை. சீட்டின் குலுக்கலும் பையின் குலுக்கலும் சேரும் இடத்தில், ஒரே ஒரு ஆட்டத்தின் முடிவு கட்டின் தரத்தைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு.

ஒரு ஆட்டம் போதாது, தொடர்ந்து தோற்றால்? மூன்றுக்கு இரண்டு வெல்லும் வலுவான குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ஆட்டங்களில் எங்காவது ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு தோல்வி விழ அந்தக் குழுவுக்கும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எனவே “இரண்டு முறை வரிசையாகத் தோற்றாயிற்று” என்பது நல்ல கட்டோடு ஆடும் குழுவுக்கும் சர்வசாதாரணமாக நடக்கக்கூடியது. சரி, வெற்றி தோல்வியைக் குறித்துவைத்து நிதானமாக முடிவெடுக்கலாமே என்றால், புள்ளியியல் அதற்கும் பெரிய விலை கேட்கிறது. நூற்றுக்கு 50 வெல்லும் ஒரு கட்டையும் 60 வெல்லும் மற்றொரு கட்டையும் ஆராய்ச்சியாளர்கள் ஏற்கும் வழக்கமான நம்பகத்தோடு பிரித்தறிய வேண்டுமானால், ஒவ்வொன்றையும் 390 முறை அளவில் ஆட வேண்டும். வாரம் ஒருமுறை கூடும் குழுவுக்கு இது ஏழரை ஆண்டு வேலை, அதுவும் ஒரு கட்டுக்கு மட்டும். அதற்குள் குழுவே இருக்காது. வீட்டு மேசையில் கிடைக்கும் வெற்றி தோல்விப் பட்டியலை வைத்து எந்தக் கட்டு மேல் என்று தீர்ப்புச் சொல்வது நடக்காத காரியம். இதை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கேள்விக்கே போக முடியும்.

இதற்கு ஒரு கௌரவமான மறுப்பு இருக்கிறது. “வென்றால் நில், தோற்றால் மாறு” என்ற விதியைக் கணிதமே ஆராய்ந்திருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஹெர்பர்ட் ராபின்ஸ் என்ற புள்ளியியலாளர் 1952-இல் இதை எடுத்துக்கொண்டு, இரண்டு வழிகளில் எது நல்லது என்று தெரியாதபோது கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுப்பதைவிட இந்த விதி மேலானது என்று காட்டினார். ஆனால் எவ்வளவு மேல் என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன அதே 50, 60 கட்டுகளையே எடுத்துக்கொள்வோம். நாணயத்தைச் சுண்டித் தேர்ந்தெடுத்தால் நூறு ஆட்டத்தில் சராசரியாக 55 வெல்லலாம். தோற்றதும் மாறும் விதியைப் பின்பற்றினால் நெடுநாள் ஓட்டத்தில் 55.6. நல்ல கட்டோடு பிடிவாதமாக நின்றால் 60. தோற்ற ஒவ்வொரு தடவையும் மனம் நொந்து, கட்டைப் பிரித்து, மறுபடி அடுக்கியதற்குக் கூலி நூறு ஆட்டத்தில் ஓர் ஆட்டம்கூட முழுதாகத் தேறாத அளவு. காரணம் எளிது: நல்ல கட்டும் பத்தில் நான்கு முறை தோற்கும், ஒவ்வொரு முறையும் நீங்கள் அதைக் கைவிடுவீர்கள். ராபின்ஸும் இந்த விதியோடு நின்றுவிடவில்லை. இதைவிடச் சிறந்த வழி இருக்கிறது என்று அதே கட்டுரையிலேயே காட்டினார்.

இருந்தும் தோல்வி நம்மை ஏன் இவ்வளவு உறுதியாகப் பேசவைக்கிறது? ஜொனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்ய முடிவெடுத்த கதையைக் கொடுத்து, அவருடைய முடிவின் தரத்தை மதிப்பிடச் சொன்னார்கள். மருத்துவருக்குத் தெரிந்த தகவல்கள் எல்லாக் கதையிலும் ஒன்றுதான். நோயாளி பிழைத்தாரா இறந்தாரா என்பது மட்டும் வேறு. பிழைத்த கதையில் முடிவை நல்லதென்றும், இறந்த கதையில் அதைவிட மோசமென்றும் மதிப்பிட்டார்கள். விளைவை வைத்து முடிவைத் தராசில் நிறுத்தும் இந்தக் கோணல், உயிர் போகும் விஷயத்திலேயே நம்மை ஆட்டிவைக்கிறது என்றால் சீட்டு மேசையில் கேட்கவா வேண்டும். இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது, ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை: அதிர்ஷ்டத்தால் வென்ற ஓட்டைக் கட்டு, வென்ற ஒரே காரணத்தால் மாதக்கணக்கில் பரிசோதனையிலிருந்து தப்பித்துக்கொள்கிறது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தோற்றோம் என்பதை விட்டுவிட்டு எப்படித் தோற்றோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஆர்க்கம் ஹாரரில் தோல்விக்கு முகங்கள் பல. நேரத்தை எண்ணும் கேடு வில்லைகள் ஏறிக்கொண்டே வந்து, துப்புகளைத் திரட்டும் முன் நேரம் முடிந்துபோகும். அல்லது எதிரிகள் சூழ்ந்து ஒருவர் பின் ஒருவராகச் சாய்ப்பார்கள். அல்லது கையில் நல்ல சீட்டுகள் இருந்தும் அவற்றை இறக்கப் பணம் போதாமல் வெறுமனே உட்கார்ந்திருப்போம். இவற்றில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்பது, எத்தனை முறை தோற்றோம் என்பதைவிடப் பல மடங்கு தகவல் தரும். வெவ்வேறு அத்தியாயங்களில், வெவ்வேறு கை வந்தபோதும், ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு துப்பு கிடைக்காமலே நேரம் முடிகிறது என்றால் அதில் குலுக்கலுக்குப் பங்கு குறைவு. மேசையில் துப்புத் திரட்டும் பலம் குறைகிறது என்று பொருள். அதே சமயம் கொடுக்கு வில்லை கடைசித் திருப்பத்தில் வந்து கவிழ்த்தது என்றால், கட்டில் ஒரு சீட்டையும் தொட வேண்டாம். இதில் ஒரு நுட்பமும் உண்டு. முதல் பெட்டியின் மூன்று அத்தியாயத் தொடரில், இரண்டாம் அத்தியாயத்தில் ஊருக்குள் ஒளிந்திருக்கும் சதிக்கூட்டத்தாரைப் பிடிக்க வேண்டும். எத்தனை பேர் தப்பினார்களோ, அதற்கேற்ப மூன்றாம் அத்தியாயம் கடுமையாகும். மூன்றாவதில் எதிரிகள் நசுக்கிவிட்டார்கள் என்று சண்டைச் சீட்டுகளைத் திணித்துக்கொண்டு வருகிறவர், காரணம் முந்தைய வாரத்தின் மந்தமான தேடலில் இருந்ததைப் பார்க்கத் தவறுகிறார். அவருக்கு வேண்டியது வேகம். அவர் தேடிப்போவது துப்பாக்கி.

இனி, கட்டு யாருடையது என்ற கேள்வி. தனியாக ஆடும் சோலிடேரில் உங்கள் பரிசோதனைக்கு நீங்கள்தான் விலை கொடுக்கிறீர்கள். நால்வர் கூட்டாட்டத்தில் அந்த விலையை மற்ற மூன்று பேரும் சேர்ந்து கட்டுகிறார்கள், கேட்காமலே. முதல் பெட்டியில் ரோலண்ட் பேங்க்ஸ் என்ற அரசாங்கப் புலனாய்வாளர் இருக்கிறார். சண்டைத் திறன் 4, எதிரியை வீழ்த்தினால் ஒரு துப்பும் எடுத்துக்கொள்ளலாம். டெய்சி வாக்கர் என்ற நூலகரும் இருக்கிறார். அறிவுத் திறன் 5, சண்டைத் திறன் வெறும் 2. டெய்சியை ஆடுகிறவர் தன் கட்டில் ஆயுதம் வைக்காமல் முழுக்கத் துப்பு தேடும் சீட்டுகளாக நிரப்பியிருப்பது, பக்கத்தில் ரோலண்ட் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான். ரோலண்ட் ஆடுகிறவர் ஒரு தோல்விக்குப் பிறகு யாரிடமும் சொல்லாமல் ஆயுதங்களை எடுத்துவிட்டுத் துப்பு தேடும் கட்டோடு வந்தால், அவருடைய 30 சீட்டு மட்டும் மாறவில்லை. டெய்சியின் கட்டும் ஒரே இரவில் தவறான கட்டாகிவிடுகிறது, அதில் ஒரு சீட்டுகூட மாறாமலே.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல என்பதற்கு வலுவான சான்று வேறொரு கூட்டாட்டத்திலிருந்து கிடைக்கிறது. பிரெஞ்சு வடிவமைப்பாளர் அந்துவான் பௌசாவின் ‘ஹனாபி’ 2010-இல் வந்தது. 2013-இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருதை வென்றது. அதில் உங்கள் சீட்டு உங்களுக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும்படி பிடித்திருக்க வேண்டும். குறைந்த எண்ணிக்கையிலான குறிப்புகளை மட்டும் கொடுத்து, எல்லோரும் சேர்ந்து அதிகபட்சம் 25 புள்ளி எடுக்க வேண்டும். 2019-இல் டீப்மைண்ட், கூகுள் பிரெய்ன் ஆய்வாளர்கள் இதைச் செயற்கை நுண்ணறிவுக்கான சவாலாக முன்வைத்தார்கள். தன் நகலோடு ஆடிப் பழகிய நிரல்கள் இருவர் ஆட்டத்தில் 20-க்கு மேல் எடுத்தன. அதே முறையில், ஆனால் தனித்தனியாகப் பயிற்சி பெற்ற இரண்டு நிரல்களைச் சேர்த்து ஆடவிட்டபோது புள்ளிகள் படுபாதாளத்துக்குப் போயின. இரண்டுமே திறமைசாலிகள்தான், தனித்தனியே பார்த்தால் இரண்டின் உத்தியும் சிறந்ததுதான். ஒன்றின் குறிப்பு மற்றொன்றுக்குப் புரியவில்லை, அவ்வளவே. கூட்டாட்டத்தில் ஓர் உத்தி நல்லதா என்று அதைத் தனியே எடுத்து வைத்துக் கேட்பதற்கு அர்த்தமே இல்லை. எந்தக் கூட்டாளியோடு என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை வரும். கூட்டாளி அறியாத புது உத்தி, அது எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், முதல் இரவில் பழைய உத்தியைவிட மோசமாகவே ஆடும் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

இங்கே இரண்டாவது மறுப்பு வரும், முதலாவதைவிடக் கூர்மையானது: “இதெல்லாம் வெல்வதற்காக ஆடுகிறவர்களுக்குச் சரி. நாங்கள் பொழுதுபோக்குக்கு ஆடுகிறோம். புதுப்புதுக் கட்டு தயாரிப்பதுதான் எங்களுக்குச் சந்தோஷம். தோற்றால் என்ன?” இதில் நியாயம் இருக்கிறது. கட்டு தயாரிப்பதே பாதி ஆட்டம் என்பது இந்த வகை ஆட்டங்களின் கவர்ச்சி; அதைத் தடுக்க நினைப்பவன் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளாதவன். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வெட்டவில்லை, பலப்படுத்துகிறது. சந்தோஷம்தான் நோக்கம் என்றால், கணக்கில் வைக்க வேண்டியது நான்கு பேருடைய சந்தோஷம். ஒருவர் பரிசோதனையில் திளைத்திருக்க, மற்ற மூவர் இரண்டு மூன்று மணி நேரம் அவருடைய ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தால், அது பொழுதுபோக்கு என்ற அளவுகோலிலும் தோல்விதான். அந்த மூவரும் முன்கூட்டியே “வா, இன்றைக்கு அதை முயன்று பார்ப்போம்” என்று சொல்லியிருந்தால் அதே தோல்வி எல்லோருக்கும் சுவாரசியமாகியிருக்கும். சீட்டுகள் அதேதான், வில்லைகளும் அதேதான்.

மேசையில் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்றால் குரல் பெரிதாக இருப்பவரின் ஆட்சியாகிவிடுமே என்பது மூன்றாவது கவலை. கூட்டாட்டங்களின் பழைய நோய் இது. அனுபவசாலி ஒருவர் எல்லோருடைய காயையும் தானே நகர்த்துவார், மற்றவர்கள் கையாட்களாக உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் கட்டிலும் கைவைக்கத் தொடங்கினால் வாழ்க்கை நரகம்தான். ஆகவே நான் கேட்பது ஒப்புதல் அல்ல, அறிவிப்பு. “அடுத்த தொடரில் நான் சண்டைப் பொறுப்பிலிருந்து விலகிப் பார்க்கப் போகிறேன், அதை யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா?” என்று சொல்வதற்கும், எந்த 30 சீட்டை வைப்பது என்று பஞ்சாயத்து நடத்துவதற்கும் வெகு தூரம். பொறுப்பு பொதுச்சொத்து, அதைப் பேசியாக வேண்டும். அந்தப் பொறுப்பை எந்தச் சீட்டுகளால் நிறைவேற்றுவது என்பது அவரவர் பாடு. அதில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை நுழைக்க வேண்டியதில்லை.

வீட்டில் தனியாக ஆடிப் பார்த்துவிட்டு வந்தால் போதாதா என்றும் கேட்பார்கள். ஆர்க்கம் ஹாரரைத் தனி ஆளாகவும் ஆடலாம் என்பதால் இது செய்யக்கூடியதே. கட்டைக் கலைத்து முதல் கையை இருபது முப்பது தடவை எடுத்துப் பார்த்தாலே, விலை உயர்ந்த சீட்டுகள் அதிகமா, பணம் தரும் சீட்டுகள் குறைவா என்பது தெரிந்துவிடும். அதற்குக் கூட்டாளிகளின் மாலை நேரத்தைச் செலவழிப்பது அநியாயம். ஆனால் தனி ஆட்டத்தின் தீர்ப்பை அப்படியே நம்ப முடியாது. தனியே ஆடுபவர் துப்பும் தேட வேண்டும், சண்டையும் போட வேண்டும். நால்வர் மேசையில் ஒரே வேலையை அற்புதமாகச் செய்யும் கட்டு தனி ஆட்டத்தில் முதல் எதிரியிடமே விழும். அங்கே ஜெயிக்கும் எல்லாம் கொஞ்சம் தெரிந்த கட்டு, நால்வர் மேசையில் எந்த வேலைக்கும் போதாமல் நிற்கும்.

காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. இந்த ஆட்டத்தின் வடிவமைப்பாளர்களே மாற்றத்துக்கு விலை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பிறகும் அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் கொடுத்துத்தான் கட்டை மேம்படுத்த முடியும். தொடரின் நடுவே மிகச் சாதாரணமான ஒரு சீட்டை மாற்றி வைக்கவும் ஒரு புள்ளி செலவாகும். முழு உத்தியையும் நடுவழியில் திருப்புகிறவர், மேம்பாட்டுக்குப் போக வேண்டிய புள்ளிகளை இடமாற்றத்துக்கே கரைக்கிறார். இரண்டாம் அத்தியாயம் முடிந்ததும் செய்த மாற்றத்துக்குப் பலன் தர இன்னும் ஆறு அத்தியாயங்கள் இருக்கின்றன. ஏழாவதுக்குப் பிறகு செய்ததற்கு ஒன்றே ஒன்று. துணிச்சலான யோசனைகளைத் தொடரின் தொடக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, பின்பாதியில் இருப்பதைச் சீவிச் சரிசெய்வதோடு நின்றுகொள்வது நல்லது. இதற்கு விலக்கும் உண்டு. தொடரின் நடுவே ஒருவர் ஊர் மாறிப் போய்விட்டால், அல்லது புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால், பொறுப்புகள் எப்படியும் கலைந்துவிடும். அப்போது ஐந்தாம் அத்தியாயமாக இருந்தாலும் தயங்காமல் கட்டைத் திறக்க வேண்டியதுதான். தோல்வியின்போது கட்டை மாற்றத் துடிப்பவர்கள் இந்தச் சமயத்தில் மட்டும் ஏனோ பழைய கட்டோடேயே வந்து உட்காருகிறார்கள்.

புதுச் சீட்டுப் பொதி கடைக்கு வந்துவிட்டது என்பதும் மாற்றத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நிறுவனத்தின் வியாபாரமே அதில்தான் ஓடுகிறது என்பதால் அந்த ஆசை தானாக வந்ததா, வரவழைக்கப்பட்டதா என்று சந்தேகிக்க இடமுண்டு. ஆயினும் தோற்ற ஆத்திரத்தில் மாற்றுவதைவிட இது தேவலாம். பொதி வரும் நாளுக்கும் நேற்றைய தோல்விக்கும் தொடர்பில்லை; அந்த நாளில் மனமாவது நிதானமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பொருத்தமான வேளை என்று எனக்குப் படுவது, ஒரு தொடரை வென்று முடித்த இரவு. அப்போது யாரும் யாரையும் குறை சொல்லப்போவதில்லை. எந்த இடத்தில் நூலிழையில் தப்பினோம், எந்தச் சீட்டு எட்டு அத்தியாயத்திலும் கையிலேயே தூங்கியது என்பதெல்லாம் நினைவில் பசுமையாக இருக்கும். அடுத்த தொடர் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. ஒரு சீட்டை மாற்றவும் புள்ளி செலவில்லை. அடுத்த முறை யார் சண்டைக்கு, யார் துப்புக்கு, யார் புதிதாக எதை முயலப் போகிறார் என்று பேசி முடிக்கப் பத்து நிமிடம் ஆகலாம்.